துபாய் உணவகத்துக்குப் போகும் தம்பிக்கு எந்த ஆங்கிலம் வேண்டும்?

கேள்வி: நான் கடையநல்லூரைச் சேர்ந்தவன். வயது 25. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். நான்கு ஆண்டுகளாகத் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்துக்கு அருகில் ஓர் ஓட்டலில் சப்ளையராக இருக்கிறேன். துபாயில் ஒரு ரெஸ்டாரண்டில் வேலைக்கு விண்ணப்பித்து வீடியோ நேர்காணலில் கலந்துகொண்டேன். முட்டை கேட்கும் வாடிக்கையாளருக்கு என்னென்ன வகை உண்டு என்று சொல்வீர்கள் எனக் கேட்டார்கள். ‘ஆஃப் பாயில், ஃபுல் பாயில், கலக்கி’ என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பேசுவோம் என்று சொல்லிவிட்டார்கள். உணவு தொடர்பான ஆயிரம் ஆங்கிலச் சொற்கள் கொண்ட புத்தகத்தை வாங்கிப் பழம், காய்கறிப் பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் வாய் திறந்து பேச வரவில்லை. எதை, எந்த வரிசையில் படிக்க வேண்டும்? உச்சரிப்பு முக்கியமா? சப்ளையர் வேலை பார்த்ததை விண்ணப்பத்தில் எழுதலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நேர்காணலில் நீங்கள் சொன்ன மூன்று பெயர்களும் திருநெல்வேலியில் எந்தக் கடையிலும் செல்லும். அவற்றைக் கேட்ட மாஸ்டர் மறுபேச்சில்லாமல் கல்லில் முட்டையை உடைத்து ஊற்றுவார். துபாய்க்காரர்களுக்குப் புரியவில்லை என்பதற்காக உங்களுக்கு ஆங்கிலமே தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாளையங்கோட்டையில் கேட்டரிங் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்து வருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஓட்டலில் வேலை பார்க்கும் ஒருவருக்கு உணவு பற்றிய ஆங்கிலச் சொற்கள் ஏற்கெனவே ஏராளமாகத் தெரியும். அவற்றில் கணிசமானவை நம் ஊரில் ஒரு பொருளிலும் வெளிநாட்டில் வேறொரு பொருளிலும் வழங்குகின்றன என்பதுதான் தெரிவதில்லை. ஆகவே புதிய சொற்களைச் சேர்ப்பதற்கு முன்னால், கைவசம் உள்ள சொற்களைச் சரிபார்ப்பதே உங்கள் முதல் வேலை. ஆயிரம் சொல் புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள்.

முட்டையிலிருந்தே தொடங்குவோம். நாம் ஆஃப் பாயில் என்பது, கல்லில் உடைத்து ஊற்றி, புரட்டாமல், மஞ்சள் கரு தளதளவென்று இருக்கும்போதே மிளகுத்தூள் தூவி எடுப்பது. பாயில் என்ற சொல்லைக் கேட்டவுடன் வெளிநாட்டார் தண்ணீரில் வேகவைத்த முட்டையைத்தான் நினைப்பார்கள். நம் ஆஃப் பாயிலுக்கு அங்கே ‘சன்னி சைடு அப்’ என்று பெயர். அதையே புரட்டிப் போட்டு, மஞ்சள் கரு இளகியிருக்கும்போதே எடுத்துவிட்டால் ‘ஓவர் ஈஸி’. மஞ்சள் கருவும் இறுகும்வரை விட்டால் ‘ஓவர் ஹார்ட்’, அதாவது நம் ஃபுல் பாயில். கலக்கிக்கு நேரான பெயர் கிடையாது. ‘சாஃப்ட் ஸ்கிராம்பிள்டு எக்ஸ்’ என்று சொன்னால் ஏறக்குறைய அது வந்து சேரும். ஓட்டோடு வேகவைத்ததில் மஞ்சள் கரு இளகியிருந்தால் ‘சாஃப்ட் பாயில்டு’, இறுகியிருந்தால் ‘ஹார்ட் பாயில்டு’. ஓட்டை உடைத்துவிட்டு, கொதி அடங்கிய வெந்நீரில் முட்டையை மெல்ல இறக்கி வேகவைப்பது ‘போச்டு’. இத்தனைக்கும் வாடிக்கையாளரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘ஹவ் வுட் யூ லைக் யுவர் எக்ஸ்?’ உங்கள் கடை மாஸ்டரிடம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டு, ஏழு முட்டையை ஏழு விதமாகச் செய்து வாங்கி, ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது அதன் பெயரைச் சொல்லுங்கள். பட்டியலில் படித்த பெயர் நேர்காணலில் மறந்துபோகலாம். தட்டில் பார்த்த பெயர் அவ்வளவு எளிதில் மறக்காது.

இதே சோதனையை நாள்தோறும் உங்கள் வாயில் புழங்கும் மற்றச் சொற்களுக்கும் செய்யுங்கள். நாம் பார்சல் என்பதைப் பிரிட்டிஷ் வழக்கில் ‘டேக்அவே’ என்றும், அமெரிக்க வழக்கில் ‘டு கோ’ என்றும் சொல்வார்கள். சாப்பிட்டு முடித்தவர் கேட்கும் சீட்டு பிரிட்டிஷாருக்கு ‘பில்’, அமெரிக்கருக்கு ‘செக்’. நாம் ‘கர்ட்’ என்று சொல்லும் தயிரை அவர்கள் ‘யோகர்ட்’ என்பார்கள். நம் ‘பிரிஞ்சால்’ பிரிட்டிஷாருக்கு ‘ஓபர்ஜீன்’, அமெரிக்கருக்கு ‘எக்பிளான்ட்’. ‘லேடீஸ் ஃபிங்கர்’ பெரும்பாலோருக்கு ‘ஓக்ரா’. இறாலைப் பிரிட்டிஷார் ‘பிரான்’ என்றும் அமெரிக்கர் ‘ஷ்ரிம்ப்’ என்றும் சொல்வார்கள். ‘சிப்ஸ்’ கேட்கும் பிரிட்டிஷ்காரர் சூடான உருளைக்கிழங்கு வறுவலை எதிர்பார்ப்பார். அதே சொல்லைச் சொல்லும் அமெரிக்கர், நாம் சொதிக்குத் தொட்டுக்கொள்ளும் மெல்லிய சிப்ஸைத்தான் கேட்கிறார். ‘ஆன்ட்ரே’ என்ற சொல் மெனு கார்டில் இருந்தால், அது அமெரிக்க வழக்கில் முதன்மை உணவையும், பிரான்சிலும் ஆஸ்திரேலியாவிலும் அதற்கு முன்னால் வரும் சிறிய உணவையும் குறிக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, அந்த உணவகத்தில் எந்த வழக்கு என்று கேட்டு அறிந்துகொள்வது நல்லது.

சில சொற்கள் குழப்பத்தோடு நிற்பதில்லை. வாடிக்கையாளரை மன வருத்தத்துக்கே ஆளாக்கிவிடும். முருங்கைக்காயை நாம் ஆங்கிலத்தில் ‘டிரம்ஸ்டிக்’ என்கிறோம். மேலைநாடுகளில் அந்தச் சொல்லுக்குக் கோழிக்கால் என்று பொருள். ‘சாம்பாரில் டிரம்ஸ்டிக் போட்டிருக்கிறது’ என்று நீங்கள் நல்லெண்ணத்துடன் சொன்னால், சைவ உணவு கேட்டு வந்தவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிடுவார். ‘மொரிங்கா பாட்ஸ்’ என்று சொல்லி, அது ஒரு காய் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மட்டன் என்றால் நம் நாட்டில் பெரும்பாலும் வெள்ளாட்டுக்கறி. பிரிட்டனில் அது முதிர்ந்த செம்மறியாட்டின் கறி, இளங்குட்டியின் கறி ‘லாம்ப்’, வெள்ளாடு ‘கோட்’. நம் கடைகளில் ரோஸ்ட் என்பது கல்லில் முறுகலாகச் சுட்ட தோசை, அல்லது மசாலா சுண்டச் சுண்டப் புரட்டிய கோழி. அவர்கள் ‘ரோஸ்ட்’ என்று சொல்வது ஓவனில் வைத்துச் சுட்ட இறைச்சியை. ‘வெஜிடேரியன்’ என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் மேலைநாட்டவர் பலர் முட்டை சாப்பிடுவார்கள்; ‘வீகன்’ என்பவர் பால், தயிர், நெய், தேன் எதையும் தொட மாட்டார். நம் ஊரில் சுத்த சைவம் என்று எழுதிப் போட்ட கடையின் நெய் ரோஸ்ட்டும் வீகனுக்கு ஆகாது.

இனிச் சொல்லப்போவதை நீங்கள் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக மனத்தில் கொள்ள வேண்டும். சாப்பிட வருபவர் ‘அயம் அலர்ஜிக் டு’ என்று தொடங்கினால், கையில் உள்ள வேலையை அப்படியே நிறுத்திவிட்டு அடுத்து வரும் சொல்லை முழுக்கவனத்துடன் கேளுங்கள். ஒவ்வாமை உள்ள சிலருக்கு அந்தப் பொருளில் சிறிதளவு உள்ளே போனாலும் தொண்டை வீங்கி, மூச்சு அடைத்து, உயிருக்கே ஆபத்து வரும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய 14 வகைப் பொருள்கள் எந்தெந்த உணவில் உள்ளன என்பதை உணவகங்களும் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 2014 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது; பிரிட்டனிலும் அதே 14 பொருள்கள்தான். அமெரிக்காவில் முதன்மையான ஒவ்வாமைப் பொருள்கள் என 9 உள்ளன. அவற்றில் எள் 2023 ஜனவரியில் சேர்ந்தது. இந்த நாடுகளிலிருந்து துபாய்க்கு வருபவர்கள் ஊரில் கேட்டுப் பழகிய கேள்விகளையே உங்களிடமும் கேட்பார்கள். பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, கோதுமை, சோயா, நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், எள் ஆகியவை எல்லாப் பட்டியலிலும் உண்டு. ஐரோப்பியப் பட்டியலில் கடுகும் இருக்கிறது.

கடுகு என்று படித்ததும் நம் சமையலறை உங்கள் கண்முன் வந்திருக்கும். நாம் தாளிக்காத குழம்பு உண்டா? ஒரு கரண்டித் தாளிப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள். எண்ணெய் நல்லெண்ணெய் என்றால் அது எள். நாம் அதை ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சிலி ஆயில்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். எள் ஒவ்வாமை உள்ள ஒரு மேலைநாட்டவரிடம் அப்படிச் சொன்னால், அவருக்கு அது ஏதோ புதுவகை எண்ணெய் என்றுதான் படும், நம்பிச் சாப்பிட்டுவிடுவார். ஆகவே ‘செசமி ஆயில்’ என்று மட்டுமே சொல்லுங்கள். கடலை எண்ணெயை ‘கிரவுண்ட்நட்’ என்று சொல்வதைவிடப் ‘பீநட் ஆயில்’ என்று சொல்வதே எல்லோருக்கும் விளங்கும். அடுத்து எண்ணெயில் வெடிப்பது கடுகு, ‘மஸ்டர்ட் சீட்ஸ்’. அதற்கடுத்துப் பெருங்காயம். கடைகளில் டப்பாவில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பி அதில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். கோதுமையில் உள்ள ‘குளூட்டன்’ சேராதவருக்கு அரிசியும் பருப்பும் மட்டுமே கொண்ட ஒரு சாம்பார்ச் சோறுகூட, அந்த ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தால் ஆகாததாகிவிடும். ஒரே கரண்டிக்குள் எள், கடுகு, கோதுமை மூன்றும் இருக்கக்கூடும் என்பது சமையலை அறிந்தவருக்குத்தான் தெரியும். நான்கு ஆண்டுகள் அடுப்படி வாசலில் நின்று தட்டை வாங்கிய உங்களுக்கு அது ஒரு பெரிய பலம்.

கெட்டிக் குருமாவில் முந்திரி அரைத்து விட்டிருப்பார்கள். திருநெல்வேலி அல்வாவில் கோதுமைப் பாலும் நெய்யும் உண்டு. தூத்துக்குடி மக்ரூன், முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்ந்தது. மேலைநாடுகளில் அதே பெயரில் தேங்காய்த் துருவலால் செய்த பண்டம் ஒன்று உண்டு என்பதால், ஊரிலிருந்து கொண்டுபோய் அங்குள்ளவர்களுக்குக் கொடுக்கும்போதுகூட அதில் முந்திரியும் முட்டையும் இருப்பதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

ஒவ்வாமை பற்றிக் கேட்பவரிடம் உங்கள் பதில் எப்போதும் ‘லெட் மி செக் வித் தி செஃப்’ என்றே தொடங்க வேண்டும். செஃப்பிடம் கேட்ட பிறகே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். நம் ஊரில் ஒருவர் தயங்கினால், ‘ஒண்ணும் செய்யாது, தைரியமாச் சாப்பிடுங்க’ என்று அன்போடு சொல்லிவிடுவோம். அந்த வாக்கியத்துக்கு நிகரான எதையும் ஆங்கிலத்தில் கற்றுக்கொள்ளவே வேண்டாம்.

அடுத்து, ஓர் உணவை விளக்கிச் சொல்லும் திறமை. அடுத்த நேர்காணலில் உங்களுக்குப் பிடித்த உணவைப் பற்றிச் சொல்லச் சொன்னால், பீட்சாவையோ பாஸ்தாவையோ தேடிப் போகாதீர்கள், சொதியைச் சொல்லுங்கள். எந்த உணவையும் விளக்க நான்கு செய்திகள் போதும்: அது எந்த வகை, உள்ளே என்ன இருக்கிறது, எப்படிச் சமைத்தது, காரம் எவ்வளவு. ‘சொதி இஸ் எ மைல்ட் ஸ்டூ ஆஃப் வெஜிடபிள்ஸ் அண்ட் மூங் தால், குக்டு இன் கோக்கனட் மில்க். வீ சர்வ் இட் வித் ரைஸ் ஆர் ஸ்டீம்டு ரைஸ் நூடுல்ஸ்.’ இரண்டே வாக்கியத்தில் குழம்பும் சொல்லியாகிவிட்டது, சோறும் இடியாப்பமும் சொல்லியாகிவிட்டது. திருமணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்து இது என்று ஒரு வாக்கியம் கூடுதலாகச் சேர்த்தால், கேட்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார். இதே அச்சில் உங்கள் கடை மெனு கார்டில் உள்ள பரோட்டா, சால்னா, கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு என ஒவ்வொன்றையும் எழுதுங்கள். எழுதும்போதுதான் எந்த வினைச்சொல் உங்களிடம் இல்லை என்பது தெரியவரும்: ஆவியில் வேகவைப்பது ‘ஸ்டீம்டு’, எண்ணெயில் முக்கிப் பொரிப்பது ‘டீப் ஃபிரைடு’, தணலில் சுடுவது ‘கிரில்டு’, சிறுதீயில் கொதிக்கவிடுவது ‘சிம்மர்டு’. அப்போது அந்தச் சொல்லுக்கு மட்டும் புத்தகத்தைத் திறங்கள். காரத்தைக் குறிக்க ‘ஹாட்’ என்பதைவிட ‘ஸ்பைசி’ என்பதே பாதுகாப்பானது. ஹாட் என்றால் சூடு என்றும் பொருள்படும்.

மரியாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் ‘என்ன சாப்பிடுதீங்க அண்ணாச்சி?’ என்று கேட்கும்போது, மரியாதை அண்ணாச்சியிலும் ‘ங்க’விலும் இருக்கிறது. அதை அப்படியே ஆங்கிலத்தில் ‘வாட் யூ வான்ட்?’ என்று கேட்டால், கேட்பவர் காதில் அது அதட்டலாக விழும். ஆங்கிலத்தில் அந்த மரியாதையை ‘வுட்’, ‘மே’, ‘குட்’ ஆகிய மூன்று சிறு சொற்களே பெரும்பாலும் சுமக்கின்றன. ‘மே ஐ டேக் யுவர் ஆர்டர்?’, ‘வுட் யூ லைக் ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங் வாட்டர்?’, ‘குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?’ என்ற மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழக்குங்கள். ஸ்டில் என்பது சாதாரணத் தண்ணீர், ஸ்பார்க்ளிங் என்பது வாயு ஏற்றிய தண்ணீர். ஒரு பண்டம் முடிந்துபோனால் நாம் ‘தீந்துட்டு’ என்று ஒரே சொல்லில் முடிப்போம். அங்கே ‘அயம் அஃப்ரெய்ட் வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் இட்’ என்று சொல்லி, உடனே அதற்கு ஈடான வேறொன்றை எடுத்துச் சொல்ல வேண்டும்.

மாட்டிறைச்சி ஸ்டேக் விற்கும் இடமாக இருந்தால் ‘ரேர்’, ‘மீடியம் ரேர்’, ‘மீடியம்’, ‘வெல் டன்’ என்ற வேக்காட்டுப் படிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே சிவப்பாக இருப்பதில் தொடங்கி முழுவதும் வெந்தது வரை அது போகும்.

உச்சரிப்பைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு அவசியமில்லை. வெளிநாட்டார்போலப் பேச முயல வேண்டாம். துபாயில் உங்களுடன் வேலை செய்பவர்களும் சாப்பிட வருபவர்களும் பல நாட்டினர். அவரவர் மொழியின் சாயல் அவரவர் ஆங்கிலத்தில் இருக்கும். பொருள் மாறிப்போகும் இடங்களில் மட்டும் கவனம் வையுங்கள். ‘சூப்’ என்பது ‘சோப்’ ஆகக் கூடாது. ‘டெசர்ட்’ என்ற இனிப்புக்கு இரண்டாம் அசையில் அழுத்தம் கொடுங்கள். முதல் அசையில் அழுத்தினால் அது பாலைவனம். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ போன்ற எண்களில் மற்றவர் சொல்வதை நீங்களும், நீங்கள் சொல்வதை மற்றவரும் தவறாகக் கேட்க வாய்ப்பு அதிகம். இதற்கெல்லாம் ஒரே மருந்து, ஆர்டர் எடுத்து முடித்ததும் முழுவதையும் திருப்பிச் சொல்வது. ‘லெட் மி ரிப்பீட் யுவர் ஆர்டர்’ என்று தொடங்கி, எண்ணிக்கை, உணவு, அதைச் செய்யும் விதம் என்ற வரிசையில் சொல்லுங்கள்: ‘டூ டொமேட்டோ சூப்ஸ், ஒன் கிரில்டு ஃபிஷ், நோ பட்டர்.’ பிழை இருந்தால் வாடிக்கையாளரே அங்கேயே திருத்திவிடுவார்.

மூன்று மாதத்தை இப்படிப் பயன்படுத்துங்கள். கடை சாத்திய பிறகு, உங்களுடன் வேலை பார்ப்பவர் ஒருவரை மேசையில் உட்கார வைத்து, வரவேற்பதிலிருந்து பில் கொடுப்பது வரை முழுவதையும் ஆங்கிலத்தில் நடத்துங்கள். முதலில் நீங்கள் சப்ளையர், பிறகு அவர். உட்கார்ந்திருப்பவர் நாளுக்கொரு தொல்லை கொடுக்கட்டும்: ஒருநாள் எள் ஒவ்வாமை, ஒருநாள் உணவு ஆறிப்போன புகார், ஒருநாள் குழந்தைக்குக் காரமில்லாத உணவு. கையில் தட்டோ தண்ணீர்க் குவளையோ இருக்கட்டும். கை வேலை செய்துகொண்டிருக்கும்போது வாய் பேச வேண்டும்; மேசைமுன் உட்கார்ந்து மனப்பாடம் செய்ததால்தான் உங்களுக்குப் பேச்சு வராமல் நிற்கிறது என்று நினைக்கிறேன். ஒரு வாரத்தில் நீங்கள் திணறிய இடங்களை மட்டும் எழுதி வைத்து, அவற்றுக்கான சொற்களைத் தேடிப் படியுங்கள். அந்தப் பட்டியல் உங்களுடைய வேலையிலிருந்து பிறந்தது; கடையில் வாங்கிய பட்டியலைவிட அது பல மடங்கு பயன்படும். குற்றாலத்தில் சாரல் காலத்தில் வெளிமாநிலத்தார் நிறைய வருவார்கள். அங்கே தெரிந்த கடை இருந்து, சில வார இறுதிகளில் வேலை பார்க்க முடிந்தால், புதியவர்களோடு ஆங்கிலத்தில் பேசும் கூச்சம் விரைவில் போகும்.

கடைசியாக, விண்ணப்பம். நான்கு ஆண்டு அனுபவத்தைக் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் ‘சப்ளையர்’ என்று எழுதாதீர்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல், உணவகத்துக்குக் காய்கறியோ எண்ணெயோ கொண்டுவந்து இறக்கும் வியாபாரியைக் குறிக்கும். ‘வெயிட்டர்’ என்று எழுதுங்கள். வேலை பார்த்த இடத்தை ‘ஹோட்டல்’ என்று எழுதினால் அறைகள் உள்ள விடுதி என்று எண்ணுவார்கள். அங்கே தங்கும் வசதி இல்லையென்றால் ‘ரெஸ்டாரண்ட்’ என்பதே சரி. அதன்கீழ், ஒரே நேரத்தில் எத்தனை மேசைகளைக் கவனித்தீர்கள், மதிய நேரத்தில் எத்தனை பேருக்குப் பரிமாறினீர்கள், ஆர்டரைத் தாளில் எழுதினீர்களா மனத்தில் வைத்தே மாஸ்டரிடம் சொன்னீர்களா என்பவற்றை உள்ளது உள்ளபடி இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள். எட்டு மேசை ஆர்டரை ஒரு காகிதமும் இல்லாமல் நினைவில் வைத்து, யாருக்கு வெங்காயம் வேண்டாம் என்பதுவரை பிசகாமல் கொண்டுவந்து வைக்கும் சப்ளையர்களை நம் ஊர்க் கடைகளில் நான் வியந்து பார்த்திருக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்பவர் என்றால் அதை நேர்காணலில் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: ‘ஐ கேன் ரிமெம்பர் ஆர்டர்ஸ் ஃபிரம் எய்ட் டேபிள்ஸ் வித்அவுட் ரைட்டிங் தெம் டவுன், பட் ஐ ஆல்வேஸ் ரிப்பீட் தி ஆர்டர் டு தி கெஸ்ட்.’ எட்டு என்பதை மட்டும் உங்கள் உண்மையான எண்ணிக்கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.